இன்னும் அனுமதி உண்டு

கால்களை நான்தான் பிடித்திருந்தேன்.
ஈயக் கவசம் தோளை அழுத்த,
மயக்க ஊசியில் நாக்கு ஒருபக்கம் சரிய
மல்லாந்து கிடந்தாள் கெஸ்ஸி.
"நேராக இழுங்கள், முட்டி உள்ளே திரும்பட்டும்"
என்றார் டாக்டர் எபெர்லே.
இழுத்தேன்.
முந்நூறு ஆடுகளை ஒரு பார்வையில் நிறுத்துகிறவள்
ஈரத் துணிபோல் என் கையோடு வந்தாள்.

திரையில் வெள்ளையாய் எழுந்தது இடுப்பு.
வலப்பக்கம் குழிக்குள் குமிழ்
நன்றாக உள்ளடங்கி உட்கார்ந்திருந்தது.
இடப்பக்கம்
குமிழுக்கும் குழிக்கும் நடுவே
நகக்கீற்று அளவு இருட்டு.

எபெர்லே கண்ணாடியைத் துடைத்தார்.
படம் சங்கத்துக்குப் போகும்.
என்னையும் அவளையும் அறியாத ஒருவர்
பாகை பாகையாய் அளப்பார்.
ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரமும் சமையலறை மேசை முழுக்க
வம்சப் பட்டியல்கள்.
ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே முதலெழுத்து, இங்கே அதுதான் வழக்கம்:
கெஸ்ஸி, கார்லோ, கூனோ, கிரா, கோர்டா.
ஐந்து குட்டி, ஒரு மோனை.
மோனையால் கெடுதல் இல்லை.
எதுகைதான் பயம்:
தாய்வழியில் மூன்றாம் அடியிலும்
தந்தைவழியில் நான்காம் அடியிலும்
திரும்ப வந்து நிற்கும் அதே கறுப்பன், ஹார்ராஸ்.
பிடித்தால் விடாத வாய், வெடிச்சத்தத்துக்கு அசையாத காது.
அவனிடமிருந்துதான் இவளுக்கு அந்தப் பார்வை.
வேறென்ன வந்தது அவனிடமிருந்து?
அவன் பெயருக்குக் கீழே, இடுப்பு: நார்மல்.
அவனுக்குப் பிறந்தவை எழுபத்தொன்று.
படம் எடுத்தவை பத்தொன்பது.
மிச்சம் ஐம்பத்திரண்டைப் பற்றிக்
காகிதம் வாய் திறக்கவில்லை.

ஆகவே டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
கார்லோ உல்ம் நகரில், போலீஸ் வேலை, நலம்.
கிரா ஒரு பள்ளி ஆசிரியரிடம், கொழுத்துப்போய்.
கோர்டா லாரியில் அடிபட்டாளாம், போன வருடம்.
கூனோ டான்யூபுக்கு அக்கரையில்
லோத்தர் ஸ்விக்கின் மரக்கிடங்கில்.
"படமா? எதற்கு? ஒரு குறையும் இல்லை" என்றார் ஸ்விக்.
காப்பி ஆறும்வரை பேசினோம்,
மழை, வைக்கோல் விலை, ஓநாய்.
பிறகு கூனோ எழுந்தான்.
முதலில் முன்கால்கள்.
பிறகு ஒரு யோசனை.
பிறகு பின்கால் இரண்டையும் முயல்போல் சேர்த்து
ஒரே உந்து.
நாலு வயது.
"குளிர்" என்றார் ஸ்விக்.
மே மாதம் அது.

கடிதம் வந்தது.
சங்கம் தாண்டவிடும் படிகள் மூன்று:
நார்மல்,
ஏறக்குறைய நார்மல்,
இன்னும் அனுமதி உண்டு.
கெஸ்ஸிக்கு மூன்றாவது.

நல்ல இடுப்புள்ள ஆண் ஒன்றைப் பார்த்துச் சேர்த்தால்
கூட்டிக் கழித்து எண் நூற்றுக்குள் வரும்.
விதி தடுக்கவில்லை.
மீட்புப் படையிலிருந்து ஊட்டே என்றொருத்தி
முன்பணமே அனுப்பியிருந்தாள்.
மூன்று இரவு கணக்குப் போட்டேன்.
மூன்று இரவும் எண் நூற்றுக்குள்தான் வந்தது.
கூட்டலில் பிழையில்லை.
கூட்டும்போதெல்லாம் அந்தக் கிடங்கின் சிமெண்டுத் தரை
நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

பணத்தைத் திருப்பிவிட்டேன்.
காரணம் எழுதவில்லை. ஸ்விக்கிடமும் சொல்லவில்லை.
சரியாகச் செய்தேனா தெரியாது.
இப்படி ஒரு தலை
இனி என் கொட்டிலில் பிறக்காது,
அதை எந்தப் படத்திலும் அளக்க முடியாது.

செப்டம்பரில் ஆல்ப் மேட்டில்
ஒருபக்கம் மேய்ச்சல், மறுபக்கம் அயலான் கோதுமை முளை.
நடுவே ஒற்றை உழவுச்சால்.
அதில் போகிறாள், வருகிறாள், போகிறாள்,
நடக்கிற வரப்பு.
ஒரு ஆடும் தாண்டவில்லை.

இரவில் விளக்கு போடாமல் படுத்திருக்கிறேன்.
தண்ணீர் குடிக்க எழுகிறாள்.
ஓட்டுத் தரையில் நகங்கள்.
எண்ணுகிறேன்.
நாலு கால், நாலு ஓசை.
திரும்பிப் படுக்கிறேன்.